செயலி எழுதிய பையன்

2015 டிசம்பர் 2ஆம் தேதி, தி இந்து ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு வெளிவரவில்லை. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர வழியில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. அடையாறு கரை மீறி ஓடியது. தண்ணீர் வடிந்த பிறகு வேறொரு நாளிதழில் என் படம் வந்தது. மொட்டைமாடியில், கையில் லேப்டாப்போடு நிற்கிறேன். வெள்ளத்தில் கைகொடுத்த செயலி என்று தலைப்பு. எங்கள் தெருவில் சிலருக்கு இன்றைக்கும் நான் அந்தச் செயலி எழுதிய பையன்தான்.

நான் செய்தது ஓர் இரவு வேலை. படகு வைத்திருப்பவர், சோறு ஆக்கித் தருபவர், மாடியில் இடம் கொடுப்பவர் என்று யார் யாரோ சேர்ந்து ஒரு கூகுள் ஷீட்டை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அதைப் பகுதிவாரியாகப் பிரித்து, கைபேசியில் தேடிப் பார்க்கும்படி ஒரு பக்கம் அமைத்தேன். ஆனால் அந்த ஷீட்டின் உயிர் அதன் கடைசி நெடுவரிசையில் இருந்தது. எத்தனை மணிக்குப் பேசி உறுதி செய்தார்கள் என்பதை அதில்தான் குறித்தார்கள். நேற்று உதவி கேட்டு வந்த செய்தி இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றும். அதை நம்பிப் படகு கிளம்பும். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அதைத் தடுக்க ஒவ்வொரு எண்ணையும் திரும்பத் திரும்ப அழைக்க வேண்டும். சென்னையில் பாதிப் பேருக்கு சிக்னல் இல்லை. அதனால் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்துகொண்டு பலர் அழைத்தார்கள். முடிச்சூர்ப் பக்கத்தைக் கோயம்புத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பார்த்துக்கொண்டார்.

“தம்பி, வரதராஜபுரத்துல படகு கேட்டாங்களே, அந்தக் குடும்பத்தை நேத்து ராத்திரியே மீட்டுட்டாங்களாம். அந்த வரியை உடனே எடுத்துடுங்க. அந்தப் படகு வேற யாருக்காவது போகட்டும்.”

நிருபரிடம் இந்த டீச்சரைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினேன். அவர் குறித்துக்கொள்ளவும் செய்தார். அச்சில் வந்ததோ என் வயது, என் கல்லூரி, என் அடுத்த கனவு. அந்த மாதம் முழுக்க இப்படித்தான். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைக் கொண்டு அமைத்த இணைய வரைபடத்தில் தண்ணீர் தேங்கிய 2,500க்கும் மேற்பட்ட தெருக்களை மக்களே குறித்தார்கள். தன் தெருவைத் தட்டினால் அது வரைபடத்தில் பதிவாகும், அவ்வளவுதான். அப்படித் தட்டிய விரல்களின் கதையை எழுத இடம் கிடைக்கவில்லை. கருவியைப் படம் பிடிக்கலாம். ஒரு நாள் முழுக்க நடக்கும் தொலைபேசி விசாரிப்பை எப்படிப் படம் பிடிப்பது? நிருபர்களின் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த இழப்பு பெரியது. அந்தச் செய்திகளைப் படித்த மாணவர்கள் ஆப் செய்வதுதான் உதவி என்று எடுத்துக்கொண்டார்கள். 2021 கோவிட் அலையில் ஆக்சிஜனுக்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும் எத்தனையோ பட்டியல்கள் முளைத்தன. பலவற்றில் எண்கள் பழசு. மூச்சுத் திணறும் அப்பாவை வைத்துக்கொண்டு பழைய எண்களை ஒவ்வொன்றாக அழைத்தவர்களை எனக்குத் தெரியும்.

கோவிட் தரவுகளைத் தொகுத்து வெளியிட்ட கோவிட்19இந்தியா குழுவை நான் மதிப்பது இதனால்தான். பெரும்பாலும் பெயர் தெரியாத தன்னார்வலர்கள். 2021 அக்டோபர் 31உடன் நிறுத்திக்கொள்கிறோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சேர்த்த தரவை எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். தொடங்குவதற்குத் திறமை போதும். இப்படி முடிக்க நேர்மையும் வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வேளச்சேரி, பெருங்குடி, பள்ளிக்கரணை எல்லாம் மூழ்கின. வெள்ளம் வடியும் முன்பே ஒரு செய்தியாளர் அழைத்து, “சார், இந்தத் தடவை புதுசா என்ன ஆப்?” என்றார். ஆப் எதுவும் இல்லை. எங்கள் பகுதியில் மின்சாரம் போய், கைபேசிகள் அணைந்து கிடந்தன. நான் எழுதிய எந்தப் பக்கமும் திறந்திருக்காது. உதவியது ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்த தாள். மாநகராட்சியின் 1913 உதவி எண், அருகில் உள்ள பள்ளிக்கூடம், கல்யாண மண்டபச் சாவி வைத்திருப்பவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் இருக்கும் வீடுகளுக்கு முதலில் போக வேண்டியவர்கள் என எல்லா விவரங்களும் அதில் இருந்தன. ஒவ்வொரு செப்டம்பரிலும் நாங்கள் சிலர் அந்த எண்களை அழைத்துச் சரிபார்த்து, புதுத் தாள் ஒட்டுகிறோம். மண்டபம் கைமாறியிருக்கும், படகுக்காரர் ஊர் மாறியிருப்பார். டீச்சர் இப்போதும் கோயம்புத்தூரிலிருந்து தன் பங்குக்கு அழைக்கிறார்.

என் படத்தைப் போட்ட ஒவ்வொரு பத்திரிகைக்கும் நான் நன்றியோடுதான் இருக்கிறேன்; அதனால்தான் எனக்கு நல்ல வேலையும் கிடைத்தது. இனி ஏதாவது ஓர் இளைஞனின் கருவியைப் பற்றி எழுத வரும் நிருபர்கள், பட்டியலைச் சரிபார்ப்பது யார், கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று கேட்டு, அந்த ஆளின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். மழைக்கு முன்பே வாருங்கள். செப்டம்பர் இரண்டாவது வாரம் நாங்கள் ரேஷன் கடை வாசலில்தான் இருப்போம்.