பேஸ்பால் வியாபாரமே இல்லீங்க!

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1922-ல் ஓர் அரிய உண்மையைக் கண்டுபிடித்தது. பேஸ்பால், மாநிலம் தாண்டி நடக்கும் வியாபாரம் அல்ல! டிக்கெட் விற்கிறார்கள், வீரர்களை ரயிலேற்றி ஊர் ஊராக அழைத்துப் போகிறார்கள், முதலாளிகளுக்குக் கல்லா நிறைகிறது. அதனாலென்ன? பயணம் சும்மா இடையில் வருவது, ஆட்டம் உள்ளூர்ச் சமாசாரம் என்றார் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். மற்ற நீதிபதிகளும் ஆமாம் போட்டார்கள். மாநிலம் தாண்டிய வியாபாரத்துக்கு மட்டுமே பொருந்தும் ஏகபோகத் தடைச் சட்டம் வாசலோடு திரும்பிப் போனது.

முதலாளிகளுக்குக் கொண்டாட்டம். ஒப்பந்தத்தில் 'ரிசர்வ்' என்றொரு பிரிவு இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரர் வேறு கிளப்புக்குப் போக முடியாது. கிளப் மட்டும் அவரை எங்கே வேண்டுமானாலும் தள்ளிவிடலாம்.

இதை எதிர்த்து டூல்சன் என்ற பிட்சர் (பந்து வீசுபவர்) போட்ட வழக்கு 1953-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. பழைய தீர்ப்பு தப்பென்றால் நாடாளுமன்றம் திருத்திக்கொள்ளட்டும் என்று கோர்ட் கையை விரித்தது. ஆனால் 1955-ல் குத்துச்சண்டையும் 1957-ல் அமெரிக்கக் கால்பந்தும் வந்து நின்றபோது, அவை வியாபாரம்தான் என்று அதே கோர்ட் கண்டுகொண்டது. பேஸ்பால் விஷயத்தில் மட்டும், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

1969-ல் செயின்ட் லூயிஸ் கிளப், கர்ட் ஃபிளட் என்ற வீரரை ஒரு வார்த்தை கேட்காமல் பிலடெல்பியாவுக்கு மாற்றியது. நான் என்ன விற்கிற சொத்தா என்று பேஸ்பால் கமிஷனருக்குக் கடிதம் எழுதிவிட்டு அவர் கோர்ட் ஏறினார். 1972-ல் தீர்ப்பு வந்தது. நீதிபதி பிளாக்மன் தொடக்கத்திலேயே பேஸ்பாலின் பெருமை பாடி, 80-க்கும் மேற்பட்ட பழைய வீரர்களின் பெயர்களை சஹஸ்ரநாமம் மாதிரி அடுக்கினார். தீர்ப்பை ஏற்ற இரண்டு நீதிபதிகளே அந்தப் பகுதியில் மட்டும் சேர மறுத்தார்கள். இந்தச் சலுகை முறைகேடானதுதான், ஆனால் ரொம்பப் பழசு, இருந்துவிட்டுப் போகட்டும் என்பது சாரம். 5-3 என்ற கணக்கில் ஃபிளட் தோற்றார்.

கடைசியில் 1975-ல் இந்த ரிசர்வ் கட்டை அவிழ்த்தவர், ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர். அவர் அரசியல் சாசனத்தையெல்லாம் தொடவில்லை. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தார். 'ஓராண்டு நீட்டிக்கலாம்' என்றால் ஓராண்டுதான் என்றார். முறையிட்ட இரண்டு பிட்சர்கள் விடுதலை! முதலாளிகள் அவரை உடனே வேலையை விட்டு அனுப்பினார்கள்.

ஃபிளட் 1997-ல் இறந்தார். அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் அவர் பெயரிலேயே சட்டம் போட்டு, ஏற்கெனவே விடுதலையாகிக் கோடிகளில் சம்பளம் வாங்கிய மேஜர் லீக் வீரர்களுக்கு ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குப் போடும் உரிமை வழங்கியது. மைனர் லீக் பையன்களுக்கு இது பொருந்தாது என்று அதே சட்டத்தில் மறக்காமல் எழுதியும் வைத்தார்கள்.