வெள்ளையம்மா படையெடுப்பு

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடிப்பதில் கும்பினிக்காரன் காட்டிய சுறுசுறுப்பில் கால்வாசி நம்மூர் ரோடு காண்டிராக்டருக்கு இருந்தால் தேவலை. 1799இல் மேஜர் பானர்மேன் வந்து கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கில் போட்டான். தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து கோட்டையை மறுபடி எழுப்பினார். 1801இல் அக்னியூ வந்து அதையும் தரைமட்டமாக்கினான். இனி ஒட்டப்பிடாரம் பக்கம் ஒரு தொல்லையும் இராது என்று நிம்மதியாகக் கிளம்பினான்.

கோட்டை மறுபடியும் முளைத்தது. என்ன, இந்தத் தடவை ஜெய்ப்பூரில்! ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ எடுத்த பி.ஆர். பந்துலு படப்பிடிப்புக்கு அங்கே போனார். படச்சுருளுக்கு டெக்னிகலர் ஏற்ற லண்டனுக்கு அனுப்பினார். கிஸ்தி கட்ட மாட்டேன் என்றவரின் கதைக்குச் சாயக்கூலி மட்டும் லண்டனுக்கே போனது. கும்பினி ஆவிகள் குளிர்ந்திருக்கும். 1959 மே மாதம் படம் வந்தது. பானர்மேன் வேஷத்தில் ஜாவர் சீதாராமன். வெள்ளைக்காரனையே உள்ளூரில் பிடித்துவிட்டார்கள்; கட்டபொம்மனின் தளபதி வெள்ளையத்தேவன் பெண்சாதி வெள்ளையம்மாவைத்தான் மலைக்கு அந்தப்புறம் தேட வேண்டியிருந்தது. திருவனந்தபுரத்துப் பத்மினி வந்தார்.

வெள்ளையம்மா கெட்ட கனவு கண்டு, போருக்குப் போக வேண்டாம் என்று புருஷனை அழுது மறிப்பார். தமிழ் சினிமாவில் கதாநாயகி கண்ட கனவு என்றைக்குப் பலிக்காமல் போயிருக்கிறது? புருஷனாக நடித்த ஜெமினி கணேசனுக்கு அது தெரியாதா? தெரிந்தும் போனார். வீரம் என்றால் அதுதான் வே!

பத்மினியின் சொந்தப் படையெடுப்போடு பார்த்தால் கும்பினியெல்லாம் பச்சைப்பிள்ளை. அக்காள் லலிதா, தங்கை ராகினி, மூன்று பேர்தான் சேனை. பெயர் ‘திருவிதாங்கூர் சகோதரிகள்’. பீரங்கி கிடையாது, சலங்கை மட்டும். 1948இல் உதயசங்கரின் ‘கல்பனா’வில் ஆடினார். 1951இல் என்.எஸ். கிருஷ்ணனின் ‘மணமகள்’. மறுவருஷம் ‘பணம்’ படத்தில் சிவாஜியோடு ஜோடி; அந்த ஜோடியை அப்புறம் எந்தக் கலெக்டராலும் பிரிக்க முடியவில்லை. 1957இல் இந்திய-சோவியத் கூட்டுப் படமான ‘பர்தேசி’யில் நடித்து ருஷ்யா வரைக்கும் போனார். 1960இல் ராஜ் கபூரோடு சேர்ந்து பம்பாயும் கைவசம்.

1961இல் ஒரு டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டு ஓய்ந்துவிடுவார் என்று ஊர் நம்பியது. அக்னியூகூட அப்படித்தானே நம்பினான்? 1966இல் ‘சித்தி’, 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’. அந்த மோகனாம்பாளுக்கு முன்னால் நாதஸ்வரமே மூச்சு வாங்கியது. 1985இல் ‘பூவே பூச்சூடவா’வில் பேத்தி நதியாவோடு மல்லுக்கட்டும் பாட்டி.

நடுவில், 1977இல், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் நாட்டியப் பள்ளி தொடங்கினார். வரி, வட்டி, கிஸ்தி என்று யாரையும் மிரட்டவில்லை. மாதாமாதம் பீஸ் வாங்கியிருப்பார். அதற்காக எந்தப் பாளையக்காரரும் வாளை உருவியதாகத் தகவல் இல்லை.