125-ஐத் தாண்டினால் போதுமா?

டெக்சாஸில் நான் யுஎஸ்பிஎஸ்ஏ என்ற அமெரிக்கத் துப்பாக்கிச் சுடுதல் சங்கத்தின் போட்டிகளுக்குப் போகத் தொடங்கிய காலத்தில், கிளப்பின் மூத்தவர்கள் பெரும்பாலும் .45 பிஸ்டல்காரர்கள். 230 கிரெய்ன் குண்டு, விநாடிக்கு 850 அடி வேகம். இரண்டையும் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 195.5. இதுதான் பவர் ஃபேக்டர். மணிக்கட்டு வாங்கும் உதையில் பெரும்பங்கு இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும்.

துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் தலைமையில் 1976-இல் மிசோரி மாநிலத்துக் கொலம்பியாவில் இவ்வகைப் போட்டிகளின் உலக அமைப்பான ஐபிஎஸ்சி பிறந்தபோது, துல்லியம், வலிமை, வேகம் மூன்றுக்கும் சம மதிப்பு என்பதே கொள்கை. சாதுவான தோட்டாவைப் போட்டுக்கொண்டு வேகத்தால் மட்டும் ஜெயித்துவிட முடியாது. அந்த நாட்களில் தொங்கும் இரும்புத் தட்டைச் சுட்டு, அது எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்துத்தான் வலிமையை அளந்தார்கள்.

இன்று உள்ளங்கையளவு ரேடார் கருவி, வேகத்தைக் கைபேசித் திரையில் காட்டிவிடுகிறது. திரும்பிய பக்கமெல்லாம் 9 மி.மீ. முன்பு 175 ஆக இருந்த, வலிமையான தோட்டாவுக்கான ‘மேஜர்’ வரம்பு யுஎஸ்பிஎஸ்ஏ-வில் 165-க்கு இறங்கிவிட்டது, அதற்கும் கீழான ‘மைனருக்கு’ 125. இலக்கின் ‘ஏ’ பகுதியில் பட்டால் இருவருக்குமே 5 புள்ளி. ‘சி’யில் மேஜருக்கு 4, மைனருக்கு 3. ‘டி’யில் 2, 1. ஆனால் புரொடக்‌ஷன், கேரி ஆப்டிக்ஸ் பிரிவுகளில் எல்லாருக்குமே மைனர் கணக்குதான். அங்கே 125-க்கு மேல் கூட்டும் ஒவ்வோர் எண்ணும் வீண் உதை. வலிமையைக் காக்கப் போட்ட கோடு, எதுவரை குறைக்கலாம் என்பதற்கான கோடாகிவிட்டது. கூப்பர் நினைத்தது இதுவல்ல என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனாலும் குண்டைத் தேர்ந்தெடுக்கும் கலை இவ்வளவு நுணுக்கமானது இந்தக் கோட்டால்தான்.

115 கிரெய்ன் குண்டை 1,130 அடி வேகத்தில் விட்டாலும், 147 கிரெய்ன் குண்டை 885 அடியில் விட்டாலும் கணக்கு 130-ஐ ஒட்டித்தான் வரும். கை அப்படிச் சொல்லாது. தோட்டாவிலுள்ள வெடிமருந்துக்கும் எடை உண்டே! அது எரிந்து வாயுவாகிக் குழல் வாயிலிருந்து குண்டைவிட வேகமாகப் பாய்கிறது. அந்த உதையும் நம் கைக்குத்தான். கனமான குண்டுக்கு மருந்து குறைவாகப் போதும். அதனால் 147 சுடும்போது வெடுக்கென்று அடிக்காமல் மெதுவாகத் தள்ளும். வாயுவை மேல்நோக்கித் திருப்பும் காம்பன்சேட்டர் மாட்டிய ஓப்பன் பிரிவுப் பிஸ்டலில் விஷயம் தலைகீழ். குழல் முனையை அழுத்தி வைக்க வாயு வேண்டும். அங்கே இலேசான குண்டும் கூடுதல் மருந்தும்தான் எடுபடும். 147 போட்டால் ஸ்லைடு சோம்பலாக நகர்கிறது என்று 124-க்குத் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

பெரிய போட்டிகளில் குண்டின் வேகத்தை அளந்து பவர் ஃபேக்டரைச் சரிபார்க்கும் குரோனோ மேஜை உண்டு. நம் தோட்டாக்களில் எட்டை அதிகாரிகளே எடுத்துக்கொள்வார்கள். ஒன்றைப் பிரித்துக் குண்டைத் தராசில் வைப்பார்கள், மூன்றைச் சுடுவார்கள். எண் போதவில்லை என்றால் இன்னும் மூன்று. அப்போதும் தேறாவிட்டால் மிஞ்சியதைச் சுடுவதா, எடை போடுவதா என்று நாமே சொல்ல வேண்டும். 124.99 வந்தால் அது 125 ஆகாது. மைனர் வரம்புக்கும் கீழே போனவருக்கு அந்தப் போட்டியில் புள்ளியே கிடையாது.

ஒரே தோட்டா இரண்டு பிஸ்டலில் இரண்டு வேகம் காட்டும். சில மருந்துகள் குளிர்ந்த காலையில் மந்தமாகிவிடும். இதெல்லாம் தெரிந்தும் 126 வரும்படி தோட்டாவில் மருந்து அடைப்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. நான் 130-க்குக் கீழே இறங்குவதில்லை. அந்த நான்கு எண்ணின் உதையால் யாரும் தோற்றதில்லை. மருந்தின் அளவுக்குத் தயாரிப்பாளர் அச்சிட்ட அட்டவணையைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: 115, 124, 147 மூன்றிலும் சின்னப் பெட்டி வாங்குங்கள். மேஜையில் கையை ஊன்றி 20 கஜத்திலிருந்து சுட்டு, உங்கள் குழல் எதை நெருக்கமாகப் போடுகிறது என்று பாருங்கள். மொத்தமாக ஆயிரம் வாங்குவது அதற்குப் பிறகு.