வரவுப் பக்கம்

சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டில் பதினொரு வருஷம் கணக்கு எழுதினேன். பனிக்காலத்தில் வரத்துக் குறைந்தால் மல்லிகை கிலோ ஆயிரங்களுக்கு ஏறும், வெயிலில் வரத்துக் கூடினால் சரியும். என் வயசுக்கு மட்டும் இறக்கமே கிடையாது.

34 முடிந்த மாதம், நர்சிங் படிக்கப் போவதாகச் சொன்னேன். அத்தை தேங்காய் துருவுவதை நிறுத்தினார்.

"ஏன் அம்மிணி, ஊசின்னாலே கண்ண மூடிக்குவியே?"

"போட்டுக்கறப்பத்தானுங்க அத்தை. போடறப்ப மூட மாட்டனுங்க."

எந்தப் படிப்பு என்பதுதான் அடுத்த பஞ்சாயத்து. பி.எஸ்சி. நர்சிங், நாலு வருஷம். சொல்லிக்கொள்ளக் கௌரவமான பேர். ஆனால் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். நான் காமர்ஸ் குரூப். இதயத்துக்கு நாலு அறை என்றால், வாடகை எவ்வளவு என்று கேட்கிற ஜாதி.

மிச்சம் ஜி.என்.எம். மூன்று வருஷம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி எந்த குரூப்பானாலும் ஆங்கிலத்தோடு 40 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம், சயின்ஸ்காரர்களுக்கு முன்னுரிமை. முடித்தபின் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருஷம் படித்தால், முன்வாசலில் விடாத டிகிரியைக் கொல்லைப்புறமாகப் போய் வாங்கிவிடலாம். ஒரே சிக்கல், வயது வரம்பு 35. கடை சாத்துகிற நேரத்துக்குப் போய் ஷட்டரைக் கையால் தாங்கிப் பிடிக்கிற நிலைமை என்னுடையது.

"அந்தப் படிப்புக்கு ஆகற பணத்துக்கு ரெண்டு எருமை வாங்கலாம்" என்றார் வீட்டுக்காரர்.

"எருமைக்குப் பிரசவம் பாக்கவும் ஆளு வேணுமுங்களே, மாமா?" ஜி.என்.எம்.மில் 'எம்' என்பது மிட்வைஃபரி, பேறுகாலம் பார்ப்பது. மனுஷருக்குத்தான், அதை நான் விளக்கவில்லை.

தைரியத்துக்கு ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலைப் பிடித்தேன். 1820 மே 12-இல் பிறந்தவர், 1854 நவம்பரில் கிரிமியப் போர் ஆஸ்பத்திரிக்குப் போனார். விரல் விட்டுப் பார்த்தேன்: 34! அதோடு அந்தம்மா கணக்குப் புலி. காயத்தைவிட நோயில்தான் சிப்பாய்கள் அதிகம் செத்தார்கள் என்று எண்ணி, வண்ணப் படம் போட்டு, சர்க்கார் முகத்துக்கு நேரே நீட்டியவர். அவர் கையில் விளக்கை மட்டும் படத்தில் வரைந்து, பேரேட்டை விட்டுவிட்டார்கள் பாருங்கள்! நம்ம குரூப்தான்.

விண்ணப்பம் போட்ட அன்று ராத்திரி அத்தையின் மணிக்கட்டைப் பிடித்தேன். கட்டைவிரலுக்கு நேர் கீழே மூன்று விரல் வைத்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினேன். பேசாதீங்க என்று சொல்லியும் பக்கத்து வீட்டு வளைகாப்பு பற்றி இரண்டு சேதி வந்தது. மறுபடி ஒன்றிலிருந்து.

ஒரு நிமிஷத்துக்கு 78. நோட்டில் எழுதினேன். பழக்கதோஷம், வரவுப் பக்கத்தில்.

அத்தை எட்டிப் பார்த்தார். "வரவா கண்ணு, செலவா?"

"வரவுதானுங்க அத்தை."

கையை எடுக்காமலே கேட்டார்: "அப்ப நாளைக்கும் பாப்பியா?"