உரிக்கிறதெண்டால் ஆழம் பார்

ஏன் பிள்ளை, காசு குடுத்து முகத்தை உரிக்கப் போறியாமே? கெமிக்கல் பீலாம், அமிலம் பூசி உரிக்கிறதாம். முந்தி வெயிலில திரிஞ்சு தோல் உரிஞ்சால் அம்மாவிட்டை ஏச்சு விழும். இப்ப உரிக்கிறதுக்கு முற்பதிவு வேற. சரி, கண்டறியாத காலம். உரிக்கிறதெண்டால் உரி. எந்தப் போத்தலால எண்டு ஆரிட்டையும் கேட்டியோ?

கேட்டிருக்கமாட்டாய். போனில ஒரு பெட்டை முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். நீயும் அதே போத்தலுக்கு ஓடர் போட்டுட்டாய். அவள் எந்த ஊர்? என்ன நிறம்? எங்கட சித்திரை வெயில் அவளுக்குத் தெரியுமோ?

ஆழமறியாமல் காலை விடாதை எண்டு சும்மாவே சொன்னவை? எங்கட திருக்கோணமலைத் துறைமுகத்துக்குள்ள எவ்வளவு பெரிய கப்பலும் வரும். அதுக்காகக் கரையெல்லாம் ஒரே ஆழமெண்டு தலைகீழாய்க் குதிப்பியோ? முகமும் உந்தக் கணக்குத்தான். மேல்தோல் எண்டிறது மில்லிமீற்றரில பத்தில ஒரு பங்கு வரும், அவ்வளவுதான். அதின்ர மேற்பக்கம் செத்த தோல். மேல்தோலோட நிண்டால் மேலோட்டமான பீல். உள்தோலைத் தொட்டால் நடுத்தரம். உள்தோலுக்குள்ள இன்னும் கீழ போனால் ஆழமான பீல்.

நிறம் ஊத்திற கலங்கள் எங்க இருக்கு தெரியுமோ? மேல்தோலின்ர அடியில. அதுகளைச் சீண்டினால் கோவிச்சுக்கொண்டு இன்னும் கறுப்பை ஊத்துங்கள். வெள்ளையாய் வரப் போன ஆள் கறுப்புத் திட்டோட வந்து நிப்பார். எங்கட மண்ணிறத் தோலுக்கு உந்த வில்லங்கம் கூட. 1975இல ஃபிற்ஸ்பற்றிக் எண்டு அமெரிக்காவில ஒரு தோல் டொக்டர், வெயில் பட்டால் எரியுமோ கறுக்குமோ எண்டு கேட்டுக் கேட்டுத் தோலை வகை பிரிச்சார். முதல்ல நாலே வகை, எல்லாம் வெள்ளைத் தோல். மண்ணிறமும் கறுப்பும் 5, 6 எண்டு பிறகுதான் ஒட்டுப்பட்டது. எங்கட நினைப்பு அவைக்கு அவ்வளவு பிந்தித்தான் வந்தது. இப்ப நாங்கள் அனேகமாய் 4க்கும் 6க்கும் நடுவில. அப்ப வெள்ளைக்காரிக்கு ஒத்துவந்த போத்தல் உனக்கும் ஒத்துவருமெண்டு எந்தச் சாத்திரி சொன்னவன்?

எங்கட தோலோட ஓரளவு சமாதானமாய்ப் போற அமிலங்கள் கொஞ்சம் இருக்கு. கிளைக்கோலிக் எண்டது கரும்பில இருக்கிற சாமான். சின்ன மூலக்கூறு, விறுவிறெண்டு உள்ள இறங்கும். நேரம் பாத்துத் தணிச்சுக் கழுவாட்டில் தன்ர பாட்டில அரிச்சுக்கொண்டு போகும். மண்டெலிக், கசப்பு வாதுமையில கண்டெடுத்தது; மூலக்கூறு பெரிசு, ஆறுதலாய்த்தான் இறங்கும். உன்னைப்போலப் பயந்த தோலுக்கு அது நல்லது. பருக்காரருக்குச் சலிசிலிக். எண்ணெயில கரையிறதால பரு கிடக்கிற துவாரத்துக்குள்ளயே போகும். டொக்டர்மார் 20 தொடக்கம் 30 வீதத்தில பூசுவினம். அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாத ஆளெண்டால் அதுக்குக் கிட்டவும் போகாதை, ரெண்டும் ஒரே குடும்பம். லக்ரிக் அமிலம் தயிரில இருக்கிறது. உடனே கிண்ணியா முட்டித் தயிரை முகத்தில அப்பாதை பிள்ளை! தயிரில அது நூற்றுக்கு ஒண்டளவுதான் இருக்கும், பீல் போத்தலில அதைப்போலப் பல மடங்கு. தயிரைச் சோத்தில விடு.

போத்தலில போட்ட வீதத்தை மட்டும் பாத்து ஏமாறாதை. அமிலத்தின்ர பீஎச் குறையக் குறையக் கடி கூடும். ரெண்டு போத்தலிலயும் 50 எண்டு கிடக்கும். ஒண்டு தடவும், மற்றது கடிக்கும்.

ரீசீஏ எண்டு ஒண்டிருக்கு. 35 வீதம் போனால் நடுத்தர ஆழம். பூசினவுடன தோல் வெள்ளையாய்ப் பூக்கும், பிறகு கழுவியும் திருப்பி எடுக்கேலாது. எங்கட நிறத்துக்குக் கைதேர்ந்த டொக்டரே யோசிச்சு யோசிச்சுத்தான் தொடுவார். ஃபீனோல் எண்டு ஆராவது சொன்னால் எழும்பி ஓடிவா. நாங்கள் சின்னனில கார்போலிக் சவுக்காரம் போட்டுக் குளிச்சனாங்கள். அந்தக் கார்போலிக்தான் இந்தப் பெரியவர். ஆழமான பீலில இவர் தோலால இரத்தத்துக்குள்ள இறங்கி இதயத்தின்ர துடிப்பையே குழப்புவார். இதய மெசின் பூட்டிக்கொண்டு செய்யிற வேலை அது. மண்ணிறத் தோலில நிறத்தை ஒரேயடியாய் அழிச்சும் விடும். சலூன் கதிரையில செய்யிற வேலையோ இது?

பீல் செய்த தோல் பச்சைத் தோல். திருக்கோணமலையில சித்திரைப் புத்தாண்டுக்கு ஓரிரு நாள் முந்தியும், பிறகு ஆகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல நிக்கும். இடையில கச்சான் காத்து வேற முகத்தைக் காயவைக்கும். நீ காலமை உரிச்சுப்போட்டுப் பின்னேரம் நிலாவெளிக் கடற்கரையில படம் எடுக்கப் போவாய். குடை, தொப்பி, சன்ஸ்கிறீன் மூண்டும் இல்லாட்டில் பீலுக்கு வைச்ச காசில நல்ல மீன் வாங்கித் தின்.

இன்னொண்டு. வெள்ளையாக்கிற கிறீம் ஏதும் முந்தியே பூசுறியோ? மறைக்காமல் டொக்டரிட்டைச் சொல்லு. பேரில்லாத சில டப்பாவில பாதரசம் கிடக்கும், சிலதில ஸ்ரெரோயிட். பத்து லட்சத்தில ஒரு பங்குக்கு மேல பாதரசம் இருந்தால் அந்தக் கிறீமைச் செய்யவோ நாடுவிட்டு நாடு ஏத்தி இறக்கவோ கூடாதெண்டு மினமாட்டா உடன்படிக்கை 2020ஓட முடிவுகட்டினது. விக்கிறவனுக்கு அது தெரியாதாக்கும். வீட்டில தானே பூசிற பலத்த பீல் போத்தலுகளை, வைத்தியரின்ர மேற்பார்வையில்லாமல் வாங்கவும் பாவிக்கவும் வேண்டாமெண்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே 2024 ஜூலையில எச்சரிச்சது. அங்கயே அப்பிடியெண்டால் பாரன். இஞ்ச அரசாங்க ஆஸ்பத்திரியில தோல் டொக்டரிட்டைக் காட்டக் காசு தேவையில்லை. வரிசையில நிக்கத்தான் வேணும். அதுக்கு உனக்குப் பஞ்சி.

என்ன, அடுத்த கிழமை கலியாணவீடோ? அப்ப ஒண்டையும் தொடாதை. படத்தில பாதி உரிஞ்ச முகம்தான் விழும். படம் பிடிக்கிற பொடியன் கொம்பியூற்றரில இருந்து எல்லாற்ற முகத்தையும் எப்பிடியும் உரிக்கத்தான் போறான். அவனுக்குக் காசு குடுத்தாச்சுத்தானே?