அஞ்சினான் புகலிடம், ஜிஎஸ்டி தனி

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் காலக் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று நம் செஞ்சி. இனி ரிசார்ட் முதலாளிகள் செஞ்சியின் ராஜகிரிக் குன்றை அண்ணாந்து பார்த்தபடி சென்ட் என்ன விலை என்று விசாரிக்க வேண்டியதுதான் பாக்கி. அவர்களுக்கு நானே ஒரு யோசனை சொல்லிவிடுகிறேன். கோட்டை வேண்டாம். அது தொல்லியல் துறை கையில் இருக்கிறது, ஆணி அடிக்க விடமாட்டார்கள். துறவிகள் இருந்த இடமாகப் பாருங்கள். உலகத்தில் இப்போது அதுதான் ஓடுகிறது. ஸ்பெயினில் பழைய மடாலயங்களை அரசாங்கமே ஹோட்டலாக்கி நடத்துகிறது. இத்தாலியின் அமால்ஃபி கடற்கரையில் கன்னியாஸ்திரீகள் ஜெபம் செய்த மடத்தில் இன்று ஸ்பாவும் நீச்சல் குளமும். ஒன்றும் வேண்டாம் என்று கிடந்தவர்களின் அறைக்குத்தான் வாடகை அதிகம்.

செஞ்சியிலும் சரக்கு இருக்கிறது. சிங்கவரம் பக்கம் திருநாதர்குன்று. பெரும்பாறையின் முகத்தில் வரிசைக்குப் பன்னிரண்டாக இரண்டு வரிசை, 24 சமணத் தீர்த்தங்கரர்கள். பக்கத்தில் வட்டெழுத்துக் கல்வெட்டு: சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் விட்ட இடம் இது. இளையபட்டாரர் என்ற இன்னொருவர் 30 நாள். விளம்பரத்துக்கு வேறென்ன வேண்டும்? “சந்திரநந்தி டீடாக்ஸ், 57 நாள். விடுப்பு கிடைக்காதவர்களுக்கு இளையபட்டாரர் மினி பேக்கேஜ், 30 நாள். உணவு கட்டணத்தில் சேராது. செக்-அவுட் இல்லை.”

பழசைப் பெயர்த்து அழகு பார்ப்பது செஞ்சிக்குப் புதிதும் இல்லை. வெங்கடரமணர் கோயில் தூண்களைப் பிரெஞ்சுக்காரன் புதுச்சேரிக்குக் கொண்டுபோனான். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்கள்தான். அவற்றில் சாய்ந்துகொண்டு செல்ஃபி எடுக்கிறோம்.

விடுதி வந்தால் அமைதியும் வரவேண்டுமே. கிராமத்தில் அது தானாக வராது, ஊர்க்காரன் வாயை மூட வேண்டும். மேலச்சேரி திரௌபதி அம்மனுக்கு விடிய விடியக் கூத்து நடந்தால், மிருதங்கச் சத்தத்தில் கெஸ்ட்டுக்குத் தூக்கம் கெட்டது என்று காவல் நிலையத்துக்கு போன் போகும். ஊரில் பிறந்தவன் இரைச்சல், மூன்று நாள் வந்தவன் விருந்தாளி. ஆடு மேய்க்கிறவர் நேற்றுவரை ஏறிய குன்றுக்கு கேட் வரும், கேட்டுக்கு வாட்ச்மேன் வருவார். அவரும் உள்ளூர்க்காரராகத்தான் இருப்பார். அது ‘வேலைவாய்ப்பு’ என்று கணக்கில் ஏறும்.

மடத்தைச் செப்பனிட வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? எதைச் செப்பனிடுகிறீர்கள் என்பதுதான் என் ஆத்திரம். வந்தவாசி வட்டாரத்தில் விடால் குன்றில் சமணப் பெண் துறவிகள் இருந்தார்கள். கனகவீரக் குரத்தியாரையும் அவருடைய மாணவியரையும் காத்துச் சோறும் போடுகிறோம் என்று ஊரார் ஏற்றுக்கொண்டதை அங்குள்ள சோழர் காலக் கல்வெட்டு சொல்கிறது. தஞ்சைச் சத்திரங்களில் பிராமணர் முதல் பறையர் வரை வந்தவர்க்கெல்லாம் சோறு, நோயாளிக்கு வைத்தியம் உண்டு, அவற்றில் கை வைக்காதீர்கள் என்று 1801-ல் மன்னர் சரபோஜி கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்டுக்குக் கடிதம் எழுதினார். திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில், சமணப் பள்ளியின் எல்லையையே ‘அஞ்சினான் புகலிடம்’ என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். யாருக்கோ பயந்து ஓடிவந்தவன் அந்த எல்லைக்குள் கால் வைத்தால் அவன் மேல் எவனும் கை வைக்கக் கூடாது. இதுதான் அந்த வீடுகளின் வேலை. சுவரும் தூணும் அதற்குப் பிறகு.

நம் மீட்பர்களோ சுவரை மட்டும் மீட்பார்கள். சுண்ணாம்பும் கடுக்காயும் குழைத்து அச்சு அசலாகப் பூசுவார்கள். சோற்றை மெனுவில் போட்டு விற்பார்கள், வைத்தியத்தை மசாஜ் என்று விற்பார்கள். புகலிடத்தை மட்டும் விற்க முடியாது, அதற்கு வரும் ஆளிடம் காசு இருக்காது. அதனால் அது மட்டும் திட்டத்தில் இருக்காது. மதுரை அரிட்டாபட்டியில் சமணப் படுக்கையுள்ள மலைகளைச் சுற்றி டங்ஸ்டன் தோண்ட ஏலம் விட்டார்கள். ஜனம் தெருவில் இறங்கியதால் 2025 ஜனவரியில் ரத்து செய்தார்கள். துறவி படுத்த பாறைக்கு நம்மிடம் இரண்டே உபயோகம்: தோண்டலாம், அல்லது மெத்தை போட்டு வாடகைக்கு விடலாம்.

சரி, விடுதி திறந்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். ராத்திரி பதினொன்றரை மணி. சாதி மாறித் தாலி கட்டிக்கொண்ட ஒரு பையனும் பெண்ணும் பைக்கில் வந்து இறங்குகிறார்கள். பின்னால் பெண்ணின் அண்ணன்கள் வண்டியில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வரவேற்பறைச் சுவரில், ஸ்பாட்லைட் வெளிச்சத்தில், ஜம்பைக் கல்வெட்டின் நகல் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

“புக்கிங் இருக்கா?”

“இல்லைங்க சார். இன்னிக்கு ராத்திரி மட்டும்...”

“ஆதார் ரெண்டு பேரோடதும். மேரேஜ் சர்டிபிகேட் இருக்கா? இல்லையா? எந்த ஊரும்மா நீ? அப்பா நம்பர் சொல்லு.”