வ. புதுப்பட்டி இல்லங்களில் சுவிட்சர்லாந்தின் இடம்: ஆணியை முன்வைத்து ஒரு முன்னாய்வு

உலகின் அழகிய வீடுகளைக் கண்டு தன் வீட்டை அணிசெய்யும் ஆசை மனித குலத்துக்கு என்று தோன்றியது என்னும் வினாவோடு தொடங்கினால் கட்டுரைக்குக் கனம் வரும் என்பது ஆய்வு மரபு. தொடங்கியாயிற்று. இனி அந்த வினாவுக்குத் திரும்பப்போவதில்லை என்பதும் மரபே.

ஆய்வுக்களம் விருதுநகர் மாவட்டம், வத்திராயிருப்பு வட்டம், வ. புதுப்பட்டி. மேற்கே மலை, தெற்கே ஸ்ரீவில்லிபுத்தூர், அதையும் தாண்டினால் ராஜபாளையம். ஏன் இந்தக் களம் என்று நெறியாளர்கள் கேட்பது வழக்கம். இவ்வாய்வாளரின் பெரியம்மா வீடு அங்கே இருக்கிறது. மதியம் சோறு கிடைக்கும். களத்தேர்வுக்கு இதைவிட வலுவான காரணத்தை நம் பல்கலைக்கழக நூலகங்களில் அடுக்கியிருக்கும் ஆய்வேடுகள் எதிலும் காணமுடியவில்லை. அவற்றில் இதே காரணம் வேறு சொற்களில் இருக்கிறது.

முன்னோடிகளைக் குறிப்பிட வேண்டும். இத்துறையில் முன்னோடிகள் செட்டிநாட்டார். அவர்கள் அழகிய வீடுகளின் படத்தோடு திரும்பி வரவில்லை. வீடுகளைத் துண்டுதுண்டாகக் கப்பலில் ஏற்றிவந்தார்கள். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி. தரைக்கு மட்டும் யோசனை ஐரோப்பாவினுடையது, கை உள்ளூருடையது. கண்ணாடிப் பலகையின்மேல் சட்டத்தையும் அச்சையும் வைத்து, அச்சின் அறைகளில் வண்ணச் சாந்தை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மணலும் சிமெண்டும் கலந்து தூவி, கெட்டிக் கலவையை அழுத்தி, காய்ந்தபின் தண்ணீரில் ஊறப்போட்டால் ஆத்தங்குடிக் கல். கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்த பக்கம்தான் கல்லுக்கு முகம். அதன் வழுவழுப்புக்கு வேறு பாலிஷ் தேவையில்லை. கடன் வாங்கினால் இப்படி வாங்க வேண்டும் என்பது இவ்வாய்வாளரின் தனிப்பட்ட கருத்து. ஆய்வுக் கட்டுரையில் தனிப்பட்ட கருத்துக்கு இடமில்லை என்பதால் இந்த வாக்கியத்தைப் படிக்காததுபோல் கடக்கவும்.

செட்டிநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் அனைவரும் தவறாமல் எழுதுவது ஒன்றுண்டு: சுவர்ப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கரு. சுண்ணாம்பு, கடுக்காய், வெள்ளைக்கரு என்று ஒருவர் எழுத, அவரைப் பார்த்து இன்னொருவர் எழுத, இருவரையும் மேற்கோள் காட்டி மூன்றாமவர் பதவி உயர்வு பெற்றார். மஞ்சள்கரு எங்கே போயிற்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டளவு சுவருக்கு எத்தனை கூடை முட்டை உடைந்திருக்கும்? அன்று மதியம் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் என்ன குழம்பு? வெள்ளையை மட்டும் வரலாற்றில் பூசிவிட்டு மஞ்சளை மறைத்த இந்தப் போக்குக்கு ‘மஞ்சள்கரு இடைவெளி’ என்று இவ்வாய்வு பெயரிடுகிறது. எம்.ஃபில். இருந்தபோது ஒரு பட்டத்துக்குத் தாங்கியிருக்கும். 2022-ல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

இனி வகைப்பாடு. வ. புதுப்பட்டி இல்ல அலங்காரம் ஆறு வகைப்படும். ஷோகேஸ்: திறக்கப்படாதது. பிரிட்ஜ் மேல் விரிப்பு: ஓரம் தைத்தது. பிளாஸ்டிக் பூங்கொத்து: வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு முன், குளிக்கும். மீன்தொட்டி: மீன் நீங்கலாக. எலிவேஷன்: இன்ஜினியர் கைபேசியில் காட்டிய படத்தின்படி முன்பக்கம் ரோமாபுரித் தூண், பக்கவாட்டில் பூசாத செங்கல். ஆறாவது சீனரி. கட்டுரையின் மிச்சம் முழுவதும் சீனரிதான். மற்ற ஐந்தும் வகைப்பாடு என்றால் ஆறாவது இருக்கவேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்பட்டவை.

உலகின் அழகிய வீடுகள் இவ்வூருக்குள் வந்தது சிவகாசி வழியாக. ஆடிப் பதினெட்டன்று அங்கே காலண்டர் ஆல்பம் வெளியாகும். வியாபாரிகள் புரட்டிப் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். வருஷம் பிறக்கும்போது உரக்கடையிலும் நகைக்கடையிலும் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கையில் தருவார்கள். சாமி படம் வந்தால் சிக்கல்: வருஷம் முடிந்தாலும் தூக்கிப்போட மனம் வராது, ஒரே ஆணியில் பத்து வருஷத்து முருகர்கள் ஒருவர் மேல் ஒருவராக நிற்பார்கள். சீனரிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. டிசம்பர் முடிந்ததும் இறங்கி, பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டையாகும். ஆக, சுவிட்சர்லாந்து இவ்வூரில் ஓராண்டு சுவரிலும் அடுத்த ஆண்டு கணக்கு நோட்டிலும் வாழ்கிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட படி பெரியம்மா வீட்டு மேற்குச் சுவரில் உள்ளது. மரவீடு, சரிந்த கூரை, ஜன்னலுக்கு ஜன்னல் சிவப்புப் பூ, முன்னால் ஏரி, பின்னால் பனிமலை, அடியில் உரக்கடை போன் நம்பர். அந்நாடு ஆஸ்திரியா என்பாரும் உளர். அது பொருந்தாது, பெரியம்மா சுவிட்சர்லாந்து என்றுவிட்டார் (பெரியம்மா, அடுப்படி, தாளிப்புக்கு முன்).

இப்படத்தின் மையச் சிக்கலை முதன்முதலில் எழுப்பியவரும் அவரே. “ஏய்யா, இம்புட்டுப் பெரிய வீட்ல துணிய எங்க காயப் போடுவாக?”

ஆய்வாளர் உற்றுநோக்கினார். கொடி இல்லை. வாசலில் செருப்பு இல்லை, கோலம் இல்லை, பைக் இல்லை, டிஷ் ஆண்டெனா இல்லை, வெயிலில் வற்றலும் இல்லை. ஆள் இல்லை என்பது கடைசியாகத்தான் தெரிந்தது. இதன்மேல் ஊரில் மூன்று கட்சிகள் எழுந்தன.

முதல் கட்சி: வீட்டார் ஊருக்குப் போயிருக்கிறார்கள். கதவு சாத்தியிருப்பதே சான்று. மறுப்பு: அப்படியானால் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? (தெருக்குழாய் உரையாடல், மூன்றாம் குடத்துக்கும் நான்காம் குடத்துக்கும் இடையில், நான்காம் குடம் வழிந்ததால் கடைசி வரி சிதைவு.)

இரண்டாம் கட்சி: உள்ளே தூங்குகிறார்கள். இக்கட்சி வலுவாகத்தான் இருந்தது, புகைபோக்கியில் புகை தெரிகிறது என்று அவர்களே காட்டிக்கொடுக்கும்வரை. “அடுப்பு எரியுதுன்னா எப்டிய்யா தூங்குவாக?” (பெரியம்மா, அதே அடுப்படி, தாளிப்புக்குப் பின், திருத்திய பதிப்பு.)

மூன்றாம் கட்சி: அங்கே எவரும் குடியிருந்ததே இல்லை, படம் எடுப்பதற்காகவே கட்டியது (சலூன் மரபு, நாற்காலி பின்னுக்குச் சாய்ந்து, முகத்தில் நுரையோடு, எதிர்க் கண்ணாடியில் இடவலம் மாறிப் படித்த பாடம், சவரத்துக்குப் பிந்தைய பாடத்தில் ‘எவரும்’ என்னும் சொல் இல்லை, அது இடைச்செருகல் என்று பக்கத்து நாற்காலிக்காரர் கருதுவார், ஆயினும் அவருக்கு அப்போது காதருகில் கத்தி இருந்ததால் அவர் உடன்பாட்டையும் மறுப்பையும் கணக்கில் கொள்வதற்கில்லை). இக்கட்சிக்கு வெளிநாட்டுச் சான்றும் உண்டு. சீனரிகளில் அடிக்கடி வரும் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையை பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் 1869-ல் கட்டத் தொடங்கினார். வேலை முடியுமுன் 1886-ல் இறந்துபோனார். சில வாரங்களிலேயே டிக்கெட் போட்டு ஊராரை உள்ளே விட்டுவிட்டார்கள். கொடி கட்ட அங்கே அவகாசமே இல்லை.

மூன்று கட்சியையும் கேட்டுவிட்டுப் பெரியம்மா தீர்ப்புச் சொன்னார்: “கொல்லப்பக்கம் காயுதுய்யா. போட்டா எடுத்தவன் வாசல்ல நின்னு எடுத்திருக்கான்.”

அழகிய இல்லங்களைப் பற்றிப் பளபளப்புத் தாளில் அச்சான புத்தகங்கள் பலவற்றை இதற்காகப் புரட்டியாயிற்று. இந்த அளவுக்குத் தெளிவாக அவை எதிலும் யாரும் சொல்லவில்லை. எலிவேஷன் வீட்டின் பக்கவாட்டுச் செங்கலுக்கும் இதுவே விளக்கம்.

ஒப்பியல் இல்லாத ஆய்வு ஆய்வாகாது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் என்னும் ஏரிக்கரை ஊரை அப்படியே நகலெடுத்து, தேவாலயமும் சதுக்கமுமாகச் சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் 2012-ல் திறந்தார்கள். அசல் ஊரார் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு மேயரே திறப்பு விழாவுக்குப் போய்வந்தார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினால் பதிவு ரத்து. இந்தக் கணக்கில் சீன ஹால்ஸ்டாட் வீட்டுக்குப் போக வேண்டியது. பெரியம்மா வீட்டில் ஒரு சுவரில் ஓர் ஆணியளவே சுவிட்சர்லாந்து, தப்பிக்கும்.

இனி தோற்றம். சரிந்த கூரை அங்கே பனி வழுக்கி விழ, இங்கே மழை வழிந்து ஓட. அங்கும் மலையடிவாரம், இங்கும். அங்கும் மாடு, இங்கும். அங்கே பாலைக் கெட்டியாக்கிச் சீஸ் செய்தார்கள். இங்கே சுண்டவைத்து 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா செய்கிறார்கள். ஆகவே சுவிட்சர்லாந்துக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெயர்ந்தவர்கள் என்று நிறுவத் தடையில்லை. சொல்லொற்றுமை ஒன்றுதான் பாக்கி; அதற்கு நம்மிடம் ஆள் இருக்கிறார்கள். அரசுச் சின்னத்தில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமா மதுரைக் கோபுரமா என்ற வழக்கு மட்டும் முடிந்தால், சர்வதேசக் கருத்தரங்கில் ஆளுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும்.

பயன்பாட்டியலுக்கு வருவோம். சீனரி ஏன் அந்த இடத்தில் தொங்குகிறது? ‘அழகுணர்ச்சி’ என்று எழுதினால் தேர்வாளர் மகிழ்வார். தூக்கிப் பார்த்தால் அடியில் விரிசல். கூரை ஓட்டின் இடுக்கில் இறங்கிய மழை சுவரில் கோடு கிழித்திருக்கிறது. பனிமலையின் உச்சியும் விரிசலின் உச்சியும் ஒரே மட்டம். இதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. பென்சில்வேனியாவில் அருவியின் மேலேயே பிராங்க் லாயிட் ரைட் 1930-களில் கட்டிய ஃபாலிங்வாட்டர் வீட்டை, ஒழுகலுக்கு வைத்த வாளிகளை எண்ணி, வீட்டுக்காரர் காஃப்மனே ‘ஏழு வாளிக் கட்டடம்’ என்று சொன்னதாகக் கதை. பாரிஸுக்குப் பக்கத்தில் லெ கொர்புஸியே 1931-ல் முடித்த வில்லா சவோய் ஒழுகுகிறது என்று வீட்டுக்கார அம்மாள் கடிதம் கடிதமாக எழுதினார். இரண்டுமே இன்று யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில். பெரியம்மா வீட்டில் ஒரு வாளியும் ஓர் அண்டாவும். தகுதிக்கு ஐந்து பாத்திரம் குறைகிறது.

அதே மேற்குச் சுவரில் ஒரு ஜன்னலும் உண்டு. திறந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். திறந்தால் கொசுவும் வரும். ஆகவே சாத்தினார்கள். சாத்தியதும் ஜன்னல் கதவின்மேல் காலியிடம் கிடைத்தது. காலியிடத்தில் போன வருஷத்து ஆல்ப்ஸ், நோட்டு அட்டைக்குத் தப்பியது. 2025-ல் பக்கத்துக் கூமாபட்டி ரீல்ஸில் ஏறி, ஏதோ தனித் தீவென்று நம்பி வெளியூர்க்காரர்கள் பிளவக்கல் அணைப்பக்கம் வந்து, குளிக்க அனுமதியில்லை என்று தெரிந்து திரும்பினார்கள். அந்த ரீல்ஸையும் வாசல்பக்கம் நின்றுதான் எடுத்திருந்தார்கள்.

நிதி அறிவிப்பு: இவ்வாய்வுக்கு எந்த நிறுவனமும் உதவவில்லை. உரக்கடைக்காரர் மட்டும் கேள்விப்பட்டு ஒரு காலண்டர் கொடுத்தார். தினசரி. அட்டையில் பிள்ளையார்; பின்பக்கம் பல்லி விழும் பலன். அதுபற்றித் தனிக்கட்டுரை தயாராகிறது.